நீர்க்கோட்டுக்குக் கீழே ஒரு கை

பகடி என்னும் சொல்லைக் கேட்டவுடனேயே முகம் சுளிக்கும் இலக்கிய வாசகர்கள் நம்மிடையே உண்டு. மூலப்படைப்பின் முதுகில் ஏறி வாழும் ஒட்டுண்ணி அது என்பது அவர்தம் கருத்து. அப்பகடியையும் துணியாலும் பஞ்சாலும் செய்த பொம்மைகள் நிகழ்த்துமாயின், சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதே வழக்கம். இவ்வழக்கத்தோடு நமக்கு உடன்பாடில்லை. விமரிசகர் பல பக்கங்கள் எழுதியும் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சில வேளைகளில் ஐந்து நிமிடப் பாவை நகைச்சுவை சொல்லிவிடுகிறது. அதே வேளையில், பாவை நகைச்சுவையும் தன் கையருகே இருக்கும் பெரிய இலக்கைத் தவறவிட்டுச் சிறிய இலக்கோடு நிறைவடைந்துவிடுவதுண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே காட்டக்கூடிய எடுத்துக்காட்டு, உலகெங்கும் மீண்டும் மீண்டும் பகடி செய்யப்பட்ட ‘ஜாஸ்’ என்னும் சுறாப் படம்.

படத்தைப் பலர் பார்த்திருப்பர் எனினும் கதையைச் சுருங்கக் கூறிவிடுவோம். பீட்டர் பெஞ்ச்லி 1974இல் எழுதிய நாவலைத் தழுவி ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய இப்படம் 1975 ஜூன் 20ஆம் நாள் அமெரிக்காவில் வெளியாயிற்று. அமிட்டி என்பது ஒரு கற்பனைத் தீவு. கோடைக்காலச் சுற்றுலாப் பயணிகளை நம்பிப் பிழைக்கும் ஊர். இரவில் கடலில் நீந்தப் போன இளம்பெண் ஒருத்தியைச் சுறா கொன்றுவிடுகிறது. கடற்கரையை மூட வேண்டும் என்கிறார் காவல்துறைத் தலைவர் பிராடி. ஜூலை 4 விடுமுறை வருமானம் போய்விடுமே என்று தடுக்கிறார் மேயர். மேலும் உயிர்கள் பலியாகின்றன. இறுதியில் பிராடியும், ஹூப்பர் என்னும் கடல் ஆய்வாளரும், குவின்ட் என்னும் சுறா வேட்டைக்காரரும் ஒரு பழைய படகில் ஏறிக் கடலுக்குள் செல்கின்றனர். இவ்வளவே கதை. படத்தொகுப்பு, இசை, ஒலி ஆகிய மூன்றுக்கும் ஆஸ்கர் விருது பெற்றது. அதற்கு முன் எப்படமும் ஈட்டாத வசூலை ஈட்டியது.

இப்படத்தைப் பகடி செய்யப் புகுந்த பாவைக் கலைஞர்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு முன்னரே அமைந்திருந்தது. ‘ஜாஸ்’ படமே அடிப்படையில் ஒரு பாவைக்கூத்துதான்.

இதனை உருவகமாகச் சொல்லவில்லை. படத்திற்கென மூன்று இயந்திரச் சுறாக்கள் செய்யப்பட்டன. அவற்றை வடிவமைத்தவர் கலை இயக்குநர் ஜோ ஆல்வ்ஸ். செய்து கொடுத்தவர், 1954இல் வெளிவந்த ‘கடலுக்கடியில் இருபதாயிரம் காதம்’ படத்தின் இராட்சதக் கணவாயை இயங்கவைத்த ராபர்ட் மேட்டி. ஒவ்வொன்றும் 25 அடி நீளம். அழுத்தக்காற்றால் இயங்குபவை. கடலடியில் பதித்த தளத்தின் மீது தண்டவாளம், அதன் மேல் ஊரும் சட்டம், சட்டத்தின் மேல் சுறா. சுறாவின் வயிற்றிலிருந்து புறப்பட்டு மேலே மிதக்கும் தெப்பத்திற்குச் செல்லும் குழாய்கள். தெப்பத்தில் நின்று வால், தாடை, கண் என ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே இயக்கும் ஆட்கள். ஸ்பீல்பெர்க் தம் வழக்கறிஞரின் பெயரையே அதற்குச் சூட்டி ‘புரூஸ்’ என்று அழைத்தார். திரைக்குப் பின்னால் ஆட்கள் நின்று உயிரற்ற ஓர் உடலை அசைத்து உயிருள்ளதாகக் காட்டும் கலைக்குப் பாவைக்கூத்து என்பதன்றி வேறென்ன பெயர்?

அப்பாவை சரியாக ஆடவில்லை என்பது திரைப்பட வரலாற்றில் நன்கு பதிவான செய்தி. மார்த்தாஸ் வைன்யார்ட் தீவை ஒட்டிய கடலில் இறக்கியவுடன் உப்புநீர் அதன் உள்ளுறுப்புகளைக் கெடுத்துவிட்டது. 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் நீண்டது. சுறா பழுதாகிக் கிடந்த நாள்களில் இயக்குநர் சுறா இல்லாமலே சுறாவைக் காட்ட வேண்டியவரானார். ஜான் வில்லியம்ஸ் அமைத்த இரண்டு சுரங்கள் சுறாவாயின. நீரில் இழுபட்டுச் செல்லும் மஞ்சள் பீப்பாய்கள் சுறாவாயின. ஒரு காட்சியில் இருவர் இறைச்சித் துண்டைத் தூண்டிலில் மாட்டி மரத்துறையிலிருந்து வீசுகின்றனர். சுறா துறையின் ஒரு பகுதியையே பிடுங்கிக்கொண்டு செல்கிறது. நீரில் விழுந்தவன் கரைநோக்கி நீந்துகையில் அம்மரத்துண்டு மெல்லத் திரும்பி அவனை நோக்கி வருகிறது. அங்கே சுறாவின் நுனிகூடத் தெரிவதில்லை. ஒரு மரத்துண்டு திரும்பும் விதத்திலேயே அதற்கு எண்ணமும் பசியும் இருப்பதாக நாம் நம்பிவிடுகிறோம். பாவைக்கலையின் முதற்பாடம் இதுவன்றோ? சுறாவின் தலையை நாம் முழுதாகக் காண்பது படம் தொடங்கி ஏறக்குறைய 80 நிமிடம் கழிந்த பின்னரே.

முதற்காட்சி இன்னும் வியப்பானது. இரவில் நீந்தும் பெண் அங்குமிங்கும் இழுபடும் காட்சியில் இயந்திரச் சுறாவும் இல்லை. நடிகை சூசன் பாக்லினியின் உடலில் வார் கட்டி, வாரில் கயிறு கட்டி, ஆட்கள் மாறிமாறி இழுத்தனர். மனித உடலே நூற்பாவையாயிற்று. உண்மையான வெள்ளைச் சுறாக்கள் தோன்றும் காட்சிகளும் படத்தில் உண்டு. ஆஸ்திரேலியக் கடலில் ரான், வலேரி டெய்லர் இணையர் எடுத்தவை. இயற்கைச் சுறா கதைச் சுறாவின் அளவுக்கு வளர்ந்திராமையால், குள்ளமான ஒருவரைச் சிறிய கூண்டுக்குள் இறக்கிப் படமெடுத்துச் சுறாவைப் பெரிதாக்கிக் காட்டினர். உயிருள்ள சுறாகூட அந்தப் பாவைக்கு ஈடுகொடுக்க முடியாமல், மனிதனைச் சிறு பாவையாக்க வேண்டியதாயிற்று!

பாவை நகைச்சுவை இப்படத்தை எங்ஙனம் எதிர்கொள்கிறது என்பதை அறிய, அக்கலையின் மேடை அமைப்பைச் சற்று நோக்க வேண்டும். ஜிம் ஹென்சனின் மப்பெட் பாவைகளையே எடுத்துக்கொள்வோம். 1955இல் தம் தாயின் பழைய மேலங்கித் துணியைக் கொண்டு கெர்மிட் என்னும் பாவையைச் செய்தவர் அவர். பின்னாளில் தவளையாகிப் புகழ்பெற்றது அதுவே. 1969இல் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’, 1976 முதல் 1981 வரை இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ படப்பிடிப்பு நிலையத்தில் உருவான ‘மப்பெட் ஷோ’ ஆகியவற்றில் அவரும் அவர் குழுவினரும் ஆடிய முறை எளியது. கலைஞர் கையை உயர்த்திப் பாவையின் தலைக்குள் நுழைத்துக்கொள்கிறார். படச்சட்டத்தின் கீழ்விளிம்புக்குக் கீழே அவர் உடல் மறைந்திருக்கிறது. மேலே தெரிவது பாவை மட்டும். தாம் ஆட்டுவது எப்படித் தெரிகிறது என்பதைக் கீழே வைத்திருக்கும் தொலைக்காட்சித் திரையைப் பார்த்தே அவர் அறிந்துகொள்கிறார்.

இந்தக் கீழ்விளிம்புதான் நமது கட்டுரையின் மையம். ‘ஜாஸ்’ படத்தின் ஒளிப்பதிவாளர் பில் பட்லர் கேமராவை நீர்மட்டத்தில் வைத்துப் பல காட்சிகளை எடுத்தார். பார்வையாளர் தம் முகவாய் வரை நீரில் மூழ்கியிருப்பதாக உணர்வர். அங்கே நீர்க்கோடு ஓர் எல்லை. மேலே வெயில், குழந்தைகள், வண்ணக் குடைகள். கீழே என்னவென்று தெரியாத ஒன்று. பாவை மேடையிலும் அதே கோடு உண்டு. அதற்கு மேலே தலைகளும் தோள்களும் மட்டும். கீழே பார்வையாளர் காணாத ஒன்று. திரைப்படத்தில் கோட்டுக்குக் கீழே இருப்பது சாவு. பாவை மேடையில் கோட்டுக்குக் கீழே இருப்பது ஒரு மனிதரின் கை.

ஆகவே நீலத்துணியை அலைபோல் அசைத்து, அட்டையில் வெட்டிய முதுகுத் துடுப்பு ஒன்றை அதன்மேல் நகர்த்தும்போது பார்வையாளருக்குப் பீறிட்டெழும் சிரிப்பு, அட்டையின் எளிமையைக் கண்டு மட்டும் எழுவதன்று. துணிக்கடியில் ஆள் குனிந்து நடக்கிறான் என்பது அனைவருக்கும் தெரியும். திரைப்படம் எதனை மறைத்து நம்மை நடுங்கவைத்ததோ, அதனை மறைக்காமலே மீண்டும் நடத்திக்காட்டுகிறது பாவை. இதில் பொய் ஏதுமில்லை. மூலத்திலும் நீருக்கடியில் இருந்தது ஆட்களின் வேலைதானே. பகடி மூலத்தைத் திரித்துக் காட்டும் என்பார்கள். இங்கே பகடி மூலத்தின் உண்மையை உள்ளவாறே சொல்லிவிடுகிறது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. விழுங்குதல் என்பது ஹென்சன் மரபின் பழைய நகைச்சுவை. அவருடைய தொடக்ககாலக் குறுநாடகங்களில் கதையை முடிக்க வழி தெரியாவிட்டால் ஒன்று வெடிக்கும், அல்லது ஒருவரை மற்றொருவர் விழுங்கிவிடுவார். புகழ்பெற்ற ஒரு காட்சியில் கெர்மிட் அமர்ந்து புழுக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்கிறது. கடைசிப் புழுவை இழுக்க இழுக்க அது நீள்கிறது. முடிவில் அது புழுவன்று, பெரும் பூதம் ஒன்றின் மூக்கு எனத் தெரிகிறது. பூதம் கெர்மிட்டை விழுங்கிவிடுகிறது. தின்பவன் தின்னப்படுபவன் ஆகிறான். தூண்டில் போட்டவன் இரையாகிறான். ‘ஜாஸ்’ படம் வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே அதன் கதைச்சட்டகத்தை ஒரு தவளைப் பொம்மை இரண்டு நிமிடத்தில் ஆடிக்காட்டிவிட்டது என்றால் மிகையன்று. சுறா தன்னைப் பிடிக்க வந்த படகையே இழுத்துச் செல்லும் காட்சியைக் காணும்போதெல்லாம் நமக்கு அந்தப் புழுவே நினைவுக்கு வருகிறது.

முகத்தைப் பற்றியும் ஒரு சொல். நடிகர் ராய் ஷைடர் கடலில் இரைத்துண்டுகளை வீசிக்கொண்டிருக்கையில் சுறா பின்னாலிருந்து தலையை உயர்த்த, அவர் விறைத்துப் பின்னோக்கி நடந்து, இன்னும் பெரிய படகு வேண்டும் என்று கூறும் காட்சி உலகப்புகழ் பெற்றது. பகடியாளர் பலரும் கைவைப்பது அக்காட்சியில்தான். அதனைப் பாவை நடிக்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. பாவையின் கண்கள் எப்போதும் அகல விரிந்தே உள்ளன. காலையுணவு உண்ணும்போதும் அவை அப்படித்தான், சுறாவைக் கண்டபோதும் அப்படித்தான். அச்சத்தைக் கூட்டிக்காட்ட முகத்தில் இடமில்லை. தலையை மெல்லத் திருப்பியும், ஒரு கணம் அசையாதிருந்தும், வாயை மூட மறந்தும் மட்டுமே கலைஞர் அதனை உணர்த்த முடியும். நல்ல பாவைக் கலைஞரிடம் அந்த ஒரு கணத்தில் சிரிப்போடு சிறிது பரிவும் நமக்குப் பிறக்கிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். ‘ஜாஸ்’ வெளியாகி ஐந்து மாதம் ஆவதற்குள், 1975 நவம்பரில், ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சி ‘தரைச்சுறா’ என்னும் குறுநாடகத்தை நிகழ்த்தியது. நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் கதவு தட்டப்படுகிறது. யார் என்று பெண் கேட்கிறாள். குழாய் பழுதுபார்ப்பவன், தந்தி, இனிப்புப் பொட்டலம் என்று மழுப்பலான குரலில் மறுமொழி வருகிறது. கதவு திறந்ததும் நுரைப்பஞ்சால் செய்த பெரிய சுறாத்தலை ஒன்று உள்ளே நீண்டு அவளைக் கவ்வி இழுத்துச் செல்கிறது. தலைக்குள்ளே இருந்தவர் நடிகர் செவி சேஸ். இதனைப் பாவை நகைச்சுவை என்று சொல்லலாமா என்று ஐயுறுவோருக்கு ஒரு செய்தி: ஹென்சனின் பாவைகள் அந்நிகழ்ச்சியின் அதே முதற்பருவத்தில் தனிப் பகுதி ஒன்றை ஆடிக்கொண்டிருந்தன. அப்பகுதி எடுபடவில்லை, தரைச்சுறாவோ நிலைத்த புகழ் பெற்றது. கடற்கரைக்கே போகாதவனும் தன் வீட்டுக் கதவுக்கு அஞ்ச வேண்டும் என்னும் அபத்தத்தில்தான் அதன் நகை பிறந்தது. படம் பார்த்தபின் குளியல் தொட்டிக்குள் இறங்கவும் தயங்கியோர் உண்டு என்பர். அந்த அச்சத்தை அதன் எல்லைவரை இழுத்துச் சென்று கதவருகே நிறுத்தியது அந்நாடகம்.

இயக்குநரும் தம் படத்தைத் தாமே பகடி செய்தார். 1979இல் வந்த அவருடைய ‘1941’ என்னும் நகைச்சுவைப் படம், அதே சூசன் பாக்லினி கடலில் நீந்துவதிலிருந்தே தொடங்குகிறது. அதே இரண்டு சுரங்கள் ஒலிக்கின்றன. நீருக்குள்ளிருந்து எழுவது சுறாவன்று, ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல். 1980இல் வெளிவந்த ‘ஏர்ப்ளேன்’ படத்தின் தொடக்கத்தில் முகில்களுக்கு மேலே விமானத்தின் வால் துடுப்புப்போல் நகர, அதே சாயலில் இசை எழுகிறது. இரண்டு சுரமும் ஒரு முக்கோணமும் போதும், எங்கும் சுறாவை வரவழைத்துவிடலாம் என்பதை இப்பகடிகள் மெய்ப்பித்தன.

இங்கேதான் நமது குறையைச் சொல்ல விரும்புகிறோம். இத்தனை பகடிகளும் சுறாவையே சுற்றிச்சுற்றி வருகின்றன, மேயரை மறந்துவிடுகின்றன.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைக் கற்பிக்கும்தோறும் நமக்கு இப்படம் நினைவுக்கு வருவதுண்டு. அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கையும் தொல்காப்பியர் வகுக்கிறார். தெய்வத்துக்கும் கொடுவிலங்குக்கும் கொள்ளையருக்கும் அடுத்து, ஆளும் அரசனையும் அச்சத்தின் ஊற்றாக வைத்த அந்த நோக்கு நம்மை என்றும் வியக்கவைக்கிறது. ‘ஜாஸ்’ படத்தில் விலங்கச்சம் வெளிப்படையானது. அதன் அடியில் ஓடுவது ஆள்வோரால் விளையும் அச்சம். முதற்சாவு படகின் சுழல்விசிறி பட்டு நேர்ந்த விபத்து எனச் சான்று மாற்றப்படுகிறது. நங்கூரப் படம் போட்ட மேற்சட்டை அணிந்த மேயர் கோடை வருமானத்தைப் பற்றிப் பேசுகிறார். பிராடி பணிந்துபோகிறார். ஒரு சிறுவன் இறக்கிறான். கறுப்புடை அணிந்து வந்த தாய் அறைவது பிராடியின் கன்னத்தில், மேயரின் கன்னத்திலன்று. பிராடி அந்த அறையைத் தமக்கு உரியதென்றே ஏற்றுக்கொள்கிறார். சுறாவுக்குத் தீமை தெரியாது. அதற்குப் பசி மட்டுமே. தெரிந்தே கடற்கரையைத் திறந்துவைத்தவர் மேயர். குளியல்நீர் நஞ்சானதை அறிந்தும் ஊரின் வருவாய்க்காக மறைக்க முயலும் மேயரை இப்சன் 1882இலேயே ‘மக்களின் பகைவன்’ நாடகத்தில் காட்டிவிட்டார். ‘ஜாஸ்’ படத்தின் முற்பாதி அந்நாடகத்தின் வழித்தோன்றல் என்றே நாம் கருதுகிறோம்.

தொல்காப்பியர் நகைக்குக் கூறும் நான்கு நிலைக்களன்களுள் எள்ளல் முதலாவது. எள்ளப்பட வேண்டியவர் யார் என்பதில்தான் பகடியின் தகுதி அடங்கியுள்ளது. பாவைகளுக்கு அத்துணிவு இல்லையென்று சொல்வதற்கில்லை. பீட்டர் ஃப்ளக், ரோஜர் லா ஆகியோர் உருவாக்கிய ‘ஸ்பிட்டிங் இமேஜ்’ 1984 முதல் 1996 வரை பிரித்தானிய ஆட்சியாளரை இரப்பர்ப் பாவைகளாக்கிக் கிழித்தது. 2020இல் அந்நிகழ்ச்சி மீண்டும் தொடங்கியபோது அதில் ஆடிய பாவைகளுள் பிரதமர் போரிஸ் ஜான்சனும் ஒருவர். இதில் ஒரு முரண்நகை உண்டு. பிரதமர் ஆவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ‘ஜாஸ்’ படத்தின் உண்மையான நாயகர் அந்த மேயரே என்று பேசியவர் அவர். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது அப்பேச்சைப் பலர் நினைவுகூர்ந்தனர். கடற்கரைகளையும் கடைகளையும் திறப்பதா மூடுவதா என்று அரசுகள் தடுமாறிய அந்நாள்களில் அமிட்டி மேயரின் நங்கூரச் சட்டை உலகெங்கும் எள்ளலின் சின்னமாயிற்று. சுறாவைப் பற்றிய பகடிகள் 45 ஆண்டுகள் தொடாமல் விட்ட இடத்தை ஒரு நோய் வந்து தொட்டுக்காட்டியது.

பகடி தொட முடியாத இடமொன்றும் இப்படத்தில் உண்டு. அதனைத் தொடாமல் விடுவதே சிறப்பு. இரவில் படகின் அறைக்குள் மூவரும் குடித்துச் சிரித்துத் தழும்புகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கையில், குவின்ட் தம் பழைய கதையைச் சொல்லத் தொடங்குகிறார். அணுகுண்டின் பாகங்களைத் தினியன் தீவில் சேர்த்துவிட்டுத் திரும்பிய ‘இண்டியானாபொலிஸ்’ கப்பல் 1945 ஜூலை 30 அன்று தாக்கப்பட்டு மூழ்கியது வரலாறு. கப்பலில் இருந்த 1,195 பேருள் பிழைத்தோர் 316 பேர். பல நாள் நீரில் மிதந்து, சுறாக்கள் தோழர்களை இழுத்துச் செல்வதைக் கண்டவர் குவின்ட். அப்பேச்சில் அவர் சுறாவின் கண்ணைப் பொம்மையின் கண்ணுக்கு ஒப்பிடுகிறார். உயிரற்ற, கரிய கண். சுறா ஒரு பாவை என்பதைப் படமே தன் வாயால் ஒப்புக்கொள்ளும் இடம் இது. ஆயினும் இங்கே நமக்குச் சிரிப்பு வருவதில்லை. திரையில் பாவை இல்லை, குழாய் இல்லை, கயிறு இல்லை. ராபர்ட் ஷாவின் முகமும் குரலும் மட்டுமே உள்ளன. மறைக்கப்பட்டது ஏதுமில்லாத இடத்தில் வெளிப்படுத்திக் காட்டப் பகடிக்கு ஏதுமில்லை.

இந்நுட்பத்தை உணர்ந்த படைப்பு, ஷாவின் மகன் இயன் ஷாவும் ஜோசஃப் நிக்ஸனும் எழுதிய ‘சுறா பழுதாகிவிட்டது’ என்னும் நாடகம். 2019இல் எடின்பரோவில் அரங்கேறி, 2021இல் லண்டனிலும் 2023இல் நியூயார்க் பிராட்வேயிலும் நடைபெற்றது. பழுதான சுறாவுக்காகப் படகில் காத்திருக்கும் மூன்று நடிகர்களின் சச்சரவே கதை. மகனே தந்தையாக நடித்தார். காத்திருத்தலை நகைச்சுவையாக்குவது பாவைகளுக்கும் புதிதன்று. பெக்கெட்டின் நாடகத்தைச் ‘செசமி ஸ்ட்ரீட்’ ‘எல்மோவுக்காகக் காத்திருத்தல்’ எனப் பகடி செய்தபோது, காத்திருந்த பாவைகளைப் பொறுக்க முடியாமல் மேடையில் நின்ற மரமே எழுந்து நடந்துவிட்டது. வராத சுறாவுக்காகக் காத்திருந்த நடிகர்களின் கதையும் அதே வகை அபத்தம்தான். ஆனால் இயன் ஷா அந்த நகைக்கு நடுவே தந்தையின் கப்பற்பேச்சை முழு மதிப்போடு இருத்தினார்.

இவையெல்லாம் வெறும் கலைச்செய்தியாக நின்றிருந்தால் இத்துணை எழுத வேண்டியதில்லை. பாவையைக் கண்டு அஞ்சியவர்கள் கடலில் இருந்த உயிரின் மீது அவ்வச்சத்தைக் காட்டினர். படத்திற்குப் பின் அமெரிக்கக் கடற்கரைகளில் வீரத்தை நிலைநாட்டச் சுறா வேட்டையாடுவது பெருகிற்று. நாவலாசிரியர் பெஞ்ச்லி மனம் வருந்தி, 2006இல் மறையும்வரை கடலுயிர்ப் பாதுகாப்புக்காக எழுதியும் பேசியும் வந்தார். தம் படமும் அந்நாவலும் சுறாக்களின் அழிவுக்குக் காரணமானதை எண்ணி உண்மையாகவே வருந்துவதாக ஸ்பீல்பெர்க் 2022இல் பிபிசி வானொலியில் கூறினார். பழி முழுவதையும் ஒரு படத்தின் மீது சுமத்துவது முறையன்று. 1970 முதல் அரை நூற்றாண்டில் ஆழ்கடற் சுறாக்களும் திருக்கைகளும் ஏறத்தாழ 71 விழுக்காடு குறைந்துவிட்டன என 2021இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு கூறிற்று. அதற்கு முதற்காரணமாக அது சுட்டியது அளவுமீறிய மீன்பிடியை. ஆயினும் அழிவதைக் கண்டு மனம் இரங்காதிருக்க மக்களைப் பழக்கியதில் அந்த இரப்பர்த் தாடைக்குப் பங்கு உண்டு. சுறாத் தாக்குதலால் உலகெங்கும் ஓராண்டில் இறப்போர் ஏறக்குறையப் பத்துப் பேருக்குள்தான்.

நாம் அஞ்சியது சுறாவுக்கன்று, அழுத்தக்காற்றில் இயங்கிய பொம்மைக்கு என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள் உயிரியல் அறிஞர்கள் மட்டுமல்லர். அட்டைத் துடுப்பும் நீலத்துணியும் கொண்டு ஆடிய பாவைக் கலைஞர்களும் அதனையே சொன்னார்கள். சிரித்துவிட்டு அதனை மறந்தது நமது பிழை.

படப்பிடிப்பில் பயன்பட்ட மூன்று சுறாக்களும் சிதைந்து போயின. அதே அச்சிலிருந்து காட்சிக்காக வார்த்த நான்காவது சுறா நெடுங்காலம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பழைய இரும்புக் கிடங்கொன்றில் தொங்கியது. இப்போது செப்பனிடப்பட்டு, 2021இல் திறக்கப்பட்ட அகாதெமி திரைப்பட அருங்காட்சியகத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. குழாய்கள் இல்லை, இயக்குவோர் இல்லை. குழந்தைகள் அதன் கீழே நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள்.

பகடியை ஒட்டுண்ணி என்போருக்கு நமது வேண்டுகோள் ஒன்றுண்டு. தரைச்சுறாவையோ, அட்டைத் துடுப்பு அசையும் பாவைக் காட்சி ஒன்றையோ பார்த்துச் சிரித்துவிட்டு, ‘ஜாஸ்’ படத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். நீர்க்கோட்டுக்குக் கீழே இருந்த கைகள் இம்முறை உங்களுக்குத் தெரியும். தெரிந்தபின்னும் படம் சுவை குன்றுவதில்லை. பிறகு கரைக்குத் திரும்பி, நங்கூரச் சட்டை அணிந்த அந்த மனிதரையும் சற்று உற்றுநோக்குங்கள். கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் சூழ்ந்து நிற்க, அவர் வாய் திறந்து மூடுவதைக் கவனியுங்கள். அந்தச் சட்டைக்குள்ளே இருப்பது யாருடைய கை என்று கேட்கும் பாவை நாடகத்துக்காக நாம் இன்னும் காத்திருக்கிறோம்.